பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின்: பிரித்துக் கட்டுவதா, வேறு மாட்டுவதா?

கோவை, பொள்ளாச்சி வட்டாரத்திலும், கேரள எல்லையைத் தாண்டினால் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்திலும் ஒரு பழைய எம்.ஜி.யையோ டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயரையோ கொட்டகையில் வைத்துப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் பட்டறைக்கு வருகிறார்கள். வண்டி புகைக்கிறது, ஆயில் குடிக்கிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை. இருக்கிற எஞ்சினையே பிரித்துக் கட்டுவதா, அல்லது வேறொன்றை வாங்கி மாட்டிவிடுவதா? இதற்கு விடை சொல்லத் தகுதியுள்ளவை இரண்டே. ஒன்று சிலிண்டர் பிளாக், மற்றொன்று ஆர்.சி. புத்தகம். பிஸ்டன், பேரிங், வால்வு, கேம்ஷாஃப்ட் எல்லாம் எவ்வளவு கெட்டிருந்தாலும் அவை செலவுக் கணக்கைத்தான் கூட்டும், முடிவை மாற்றுவதில்லை. ஆகவே இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் எப்படிப் பார்ப்பது என்பதைப் பற்றியதே.

முதலில், எஞ்சின் உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சும்மா நின்ற வண்டியும் கெட்டுப்போன வண்டியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். பல மாதம் ஓடாமல் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு புகையைக் கிளப்பும். நல்ல ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டினால் அவற்றில் பாதி தானாகவே சரியாகிவிடும். புகையின் நிறத்தைவிட அது எப்போது வருகிறது என்பதே கூடுதலாகச் சொல்லும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது நீலப்புகை தொடர்ந்து வந்தால் ரிங்குகளையும் சிலிண்டரையும் சந்தேகிக்கலாம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கி, அடியில் வந்து மறுபடி மிதிக்கும் கணத்தில் மட்டும் ஒரு கொத்துப் புகை வந்தால், வால்வு கைடுகள் தேய்ந்திருக்கின்றன என்று பொருள்; அதற்கு ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும், எஞ்சினையே இறக்க வேண்டியதில்லை. வால்பாறையிலிருந்து ஆழியாறு வரையுள்ள நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைப் போல இந்தச் சோதனைக்கு வாய்ப்பான சாலை வேறில்லை.

சூடேறும் குறையை எஞ்சினின் தலையில் போடுவதற்கு முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கிழக்குச் சித்தூர்ப் பகுதியின் மண் வறண்டது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினமானது. அதையே ஆண்டுக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றிவந்த வண்டிகளின் பிளாக்கிற்குள் சுண்ணாம்பும் துருவும் சேர்ந்து சேறாக உறைந்திருக்கும். பம்பிலிருந்து வரும் நீரோட்டம் கடைசிச் சிலிண்டரைச் சுற்றும்போது மெதுவாகிவிடுவதால், சேறு அங்கேதான் அதிகம் தங்கும். பிளாக்கின் பக்கவாட்டில் பின்பக்கமாக, தண்ணீர்ப் பாதையை மூடியிருக்கும் தகட்டு மூடியான கோர் பிளக்கைக் கழற்றி, ஒரு கம்பியை உள்ளே விட்டுச் சுரண்டினால், முதலில் செம்மண் குழம்பு போன்று ஒழுகும். பிறகு செதில் செதிலாகத் துரு உதிரும். கம்பி இரும்பில் பட்டு ஒலித்த பிறகே அந்த இடம் சுத்தமானது என்று கொள்ளலாம். பாலக்காட்டில் கோடையில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தொடும் நாட்களில் கொதிக்கிற ஒரு வண்டிக்கு இந்த அரைநாள் வேலையே போதுமானதாக இருந்துவிடலாம்.

இதற்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லையென்றால் அளவுகளுக்குப் போகலாம். கம்ப்ரஷன் சோதனையை எஞ்சின் சூடாக இருக்கும்போது, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கார்புரேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, நல்ல பேட்டரியோடு செய்ய வேண்டும். இதில் எதை விட்டாலும் கிடைக்கும் எண் பொய் சொல்லும். ஒவ்வொரு சிலிண்டரின் எண்ணும் எவ்வளவு என்பதைவிட, அவற்றுக்கிடையே எவ்வளவு வித்தியாசம் என்பதே முக்கியம். பத்து சதவீதத்துக்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி பார்த்தால், எண் ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் காஸ்கெட். காற்றைச் செலுத்திக் கசிவைப் பார்க்கும் சோதனை இதைவிடத் தெளிவானது, ஏனென்றால் காற்று எங்கே வெளியேறுகிறது என்பதைக் காதாலேயே கேட்கலாம்: ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் காஸ்கெட் அல்லது விரிசல். ஆயில் அழுத்தத்தை டாஷ்போர்டில் உள்ள பழைய மீட்டரை நம்பாமல் தனி மீட்டர் ஒன்றைப் பொருத்திப் பார்க்க வேண்டும். சூடான எஞ்சினில் ஆயிரம் சுற்றுக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்பது பழைய எஞ்சின்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கூடவே ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்ப்பதும் நல்லது. அதில் செம்பு நிறத் துகள் தென்பட்டால் பேரிங்கின் மேற்பூச்சு தேய்ந்து அதன் அடியிலுள்ள செம்பு அடுக்கு வெளிவந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் வண்டியை மேலும் ஓட்டினால், பாலிஷ் செய்து தப்பவேண்டிய கிராங்க் ஷாஃப்ட் கிரைண்டிங்குக்குப் போகும்.

பிளாக் சொல்வது

எஞ்சினை இறக்கிப் பிரித்த பிறகுதான் உண்மையான முடிவு எடுக்க முடியும். அதற்கு முன் வேறு எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பவர்களுக்கு நான் ஒருபோதும் உடன்படுவதில்லை. பிரித்ததும் அனுபவமுள்ள கைகள் முதலில் செய்வது, சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து இழுத்துப் பார்ப்பது. மேல் ரிங் போய்த் திரும்பும் இடத்துக்கு மேலே தேயாமல் நிற்கும் மேடு நகத்தில் தட்டும். அந்தத் தட்டலின் அழுத்தத்திலிருந்தே கோவைப் பட்டறைக்காரர் ஒருவர், “இன்னும் ஒரு சைஸ் தாங்குமுங்க, பயப்படாதீங்க” என்று சொல்லிவிடுவார். அவர் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார் என்றாலும், டயல் கேஜை விட்டு மேல், நடு, கீழ் என மூன்று மட்டத்திலும், ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும் அளந்து எழுதித் தரச் சொல்ல வேண்டும். பட்டறையில் அளவுகளைத் தௌ கணக்கில் பேசுவார்கள். ஒரு தௌ என்பது 0.025 மி.மீ. சிலிண்டரின் சரிவோ நீள்வட்டமோ நான்கைந்து தௌவைத் தாண்டினால், ரிங் மட்டும் மாற்றிச் சமாளிப்பது காசை வீணாக்குவதே. சிலிண்டரைக் குடைந்து சற்றுப் பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடும் ரீபோர் செய்தாக வேண்டும்.

ரீபோர் எத்தனை முறை செய்யலாம் என்பதற்கு எல்லை உண்டு. எம்.ஜி.யின் ‘பி’ மாடலான எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினை எடுத்துக்கொள்ளலாம். அதன் மூல விட்டம் 80.26 மி.மீ.; 60 தௌ வரை ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கிடைக்கின்றன; அந்த அளவில் எஞ்சின் ஏறக்குறைய 1868 சி.சி. ஆகிவிடும். ஏற்கனவே யாராவது 60 தௌ போட்டிருந்தால் பிளாக் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சிலிண்டரில் லைனர் எனும் உருளை உறையை இறக்கி மூல அளவுக்கே கொண்டுவரலாம். பம்பு, மோட்டார் தொழிலுக்காக வளர்ந்த கோவையின் வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் இந்த வேலையைத் தினமும் செய்கின்றன. ஆல்ஃபா ரோமியோவின் ட்வின்-கேம் போன்ற, வெட் லைனர் (தண்ணீர் நேரடியாகச் சுற்றும், தனியே கழற்றக்கூடிய லைனர்) கொண்ட அலுமினிய எஞ்சின்களில் இது இன்னும் சுலபம். லைனரையும் பிஸ்டனையும் ஜோடியாக மாற்றினால் சிலிண்டர் புதிதாகிவிடும்.

உண்மையில் பிளாக்கைக் கைவிட வைப்பவை வேறு. கனெக்டிங் ராட் உடைந்து பிளாக்கின் பக்கவாட்டைத் துளைத்திருப்பது, மெயின் பேரிங் உட்காரும் இடம் சூட்டில் முறுக்கிக்கொண்டிருப்பது, சிலிண்டருக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் இடையில் விரிசல் ஓடியிருப்பது ஆகியவை அவை. ஜாகுவார் இ-டைப்பின் 4.2 லிட்டர் பிளாக்கில் சிலிண்டர்களுக்கு நடுவே விரிசல் விடுவது உலகறிந்த குறை. ஆனால் விரிசல் என்றதும் குப்பையில் போட வேண்டியதில்லை. வார்ப்பிரும்பை வெல்டிங் செய்யாமல், குளிர்ந்த நிலையிலேயே உலோகத் தையல் போட்டு அடைக்கும் முறை இருக்கிறது. தண்ணீர்ச் சட்டையின் வெளிச்சுவரில் இருக்கும் விரிசலுக்கு அது ஆயுளுக்கும் நிற்கும். சிலிண்டருக்குள் ஓடும் விரிசலை லைனரால் மூடலாம். மெயின் பேரிங் பாலத்தில் விரிசல் இருந்தால் மட்டும் அந்த பிளாக்கை விட்டுவிடுவதே அறிவு. விரிசலைக் கண்ணால் தேடுவது போதாது. காந்தப்பொடித் தூவிப் பார்க்கும் சோதனையும், தண்ணீர்ப் பாதையை அடைத்து அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனையும் செய்த பிறகே ரீபோருக்குக் கொடுக்க வேண்டும். போர் போட்ட பிறகு விரிசல் தெரியவந்தால், பிஸ்டன் வாங்கிய பணமும் போய்விடும்.

கிராங்க் ஷாஃப்டுக்கும் இதே முறைதான்: பத்து, இருபது, முப்பது, நாற்பது தௌ என, கிரைண்டிங் செய்து மெலிந்த ஷாஃப்டுக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங்குகள் உண்டு. விரிசல் மட்டும் இருக்கக் கூடாது.

ஆர்.சி. சொல்வது

ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் கடைசியாக யோசிப்பது இதைத்தான். முதலில் யோசிக்க வேண்டியதும் இதுவே. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களை மாற்றும்படி வண்டியில் எதையும் மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால், பதினான்கு நாட்களுக்குள் அதைத் தெரிவித்து, ஆர்.சி.யில் திருத்தம் செய்ய வேண்டும். அதே பிளாக்கை ரீபோர் செய்து மாட்டினால் எண் மாறுவதில்லை. ஆகவே பிரித்துக் கட்டுவதில் இந்தத் தொல்லை ஏதுமில்லை. இந்த வேறுபாடு ஒன்றே பலருக்கு முடிவைச் சொல்லிவிடும்.

எல்லைப்புறத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் பதிவான வண்டியைக் கேரளத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், தடையில்லாச் சான்று பெற்றுப் புதிய மாநிலத்தில் மறுபதிவு செய்ய வேண்டும். அப்போது ஆய்வாளர் எஞ்சின் எண்ணைப் பார்த்தே தீருவார். எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கிய எஞ்சினை இந்தப் பக்கம் மாட்டி, ஆர்.சி.யில் பழைய எண்ணோடு வாளையாறு வழியாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் இல்லாமலில்லை. மாட்டிக்கொள்ளாத வரை சந்தோஷமாகத்தான் இருக்கும். விற்கும் நாளில்தான் கசக்கும். வாங்கும் எஞ்சினுக்குப் பழைய வண்டியின் பதிவு ரத்தான ஆவணமோ விற்பனை ரசீதோ இல்லையென்றால், அது எவ்வளவு நல்ல எஞ்சினானாலும் வாங்க வேண்டாம்.

மூன்றாவதாக, 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பழமை வாகனப் பதிவு. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, தன் மூல உருவில் பராமரிக்கப்படும் வண்டிகளுக்கு ‘விஏ’ எழுத்துகள் கொண்ட தனிப் பதிவு எண் தரப்படுகிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். சேசி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்ட வண்டிக்கு இந்தத் தகுதி இல்லை. அந்தப் பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் ராலிக்கும் பராமரிப்புக்கும் மட்டுமே சாலையில் எடுக்கலாம் என்பதால் எல்லோருக்கும் அது வேண்டியதில்லை. ஆனாலும் ஐம்பதை நெருங்கும் ஒரு வண்டியில் ஜப்பானிய டீசல் எஞ்சினை ஏற்றுகிறவர், அந்தக் கதவைத் தானே சாத்துகிறார் என்பதை அறிந்து சாத்தட்டும்.

எஞ்சின் எண் எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். எம்.ஜி.பி.யில் அது பிளாக்கில் ரிவெட் அடித்த ஒரு சிறு தகடு, ஜாகுவாரின் எக்ஸ்.கே. எஞ்சினில் பிளாக்கிலேயே பதித்திருக்கும். பிளாக்கின் மேல்முகத்தை ஃபேசிங் செய்யும்போது பதித்த எண் அழிந்துவிடக்கூடும் என்பதால், பட்டறைக்கு அனுப்புவதற்கு முன் படமெடுத்து, எந்த இடத்தைத் தொடக் கூடாது என்று வெள்ளைப் பெயின்டால் குறித்து அனுப்புவது நல்லது.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால்

பிளாக் தேறவில்லை என்று உறுதியான பிறகு, எதை மாட்டுவது? அதே வகை, அதே காலத்து எஞ்சின்தான் முதல் தேர்வு. இங்கேயும் ‘அதே வகை’ என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. எம்.ஜி.பி.யில் 1964 வரை மூன்று மெயின் பேரிங், அதன் பிறகு ஐந்து. 1967 இறுதியில் கியர்பாக்ஸும் மாறியது. ஆகையால் பிந்திய எஞ்சினை முந்திய வண்டியில் மாட்டும்போது பின்தட்டு, ஃப்ளைவீல், கிராங்கின் முனையிலுள்ள புஷ் ஆகியவை ஒத்துப்போகின்றனவா என்று கையில் வைத்து அளந்து பார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது தேர்வு நம் நாட்டுக்கே உரியது, நான் விரும்புவதும் அதுதான். எம்.ஜி.பி.க்கு முந்திய மாடலான எம்.ஜி.ஏ.வின் 1955-ஆம் ஆண்டு எஞ்சினும், ஏறத்தாழ 1959 முதல் நம் அம்பாசடரில் ஓடிய எஞ்சினும் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் ஒரே பி-வரிசையைச் சேர்ந்தவை, இரண்டுக்கும் 73.025 மி.மீ. விட்டம், 88.9 மி.மீ. ஸ்ட்ரோக், 1489 சி.சி. அதேபோல 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினும், ஸ்பிட்ஃபயரின் தொடக்ககால 1147 சி.சி. எஞ்சினும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஸ்ட்ரோக் இரண்டிலும் 76 மி.மீ. ஆகவே நல்ல அம்பாசடர் பிளாக் ஒன்று எம்.ஜி.ஏ.வைப் பல ஆண்டுகள் ஓட்டிவிடும். ஆனால் அம்பாசடரின் ஒற்றைக் கார்புரேட்டரும் குறைந்த கம்ப்ரஷனும் அந்த வண்டிக்குரிய இழுப்பைத் தராது, எம்.ஜி.யின் ஹெட், இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர், கேம்ஷாஃப்ட் ஆகியவற்றைப் பழைய எஞ்சினிலிருந்து எடுத்து மாட்ட வேண்டும். ஹெரால்டின் எஞ்சின் ஸ்பிட்ஃபயருக்குச் சிறியது. மூல பிளாக் லைனருக்குப் போயிருக்கும் காலத்தில் வண்டியை நகர வைக்கும் தற்காலிக ஏற்பாடாக அதை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

மூன்றாவது, வேறு நிறுவனத்தின் நவீன எஞ்சின். எஞ்சினோடு முடிகிற வேலை அல்ல இது. மவுண்டிங், கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர், புகைக்குழாய், வயரிங் என்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். எடை முன்பக்கம் கூடினால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் மாறும். முடிவில் அந்த வண்டியை எந்த மெக்கானிக்கும் கையேட்டைப் பார்த்துச் சரிசெய்ய முடியாது. ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியதே அந்த எஞ்சினின் ஓசைக்காகத்தான் என்பவருக்கு, இந்த வழி கொஞ்சமும் பொருந்தாது.

பிரித்துக் கட்டும்போது

பிரித்துக் கட்டுவதெனத் தீர்மானித்தால், செலவின் பெரும்பகுதி பட்டறைக் கூலியில் இராது. இறக்குமதிப் பொருட்களில், அவற்றின் சரக்குக் கட்டணத்தில், சுங்க வரியில் இருக்கும். ஆகையால் அளவு எடுத்து முடிக்கும் முன் பிஸ்டனும் பேரிங்கும் ஆர்டர் செய்யக் கூடாது. பிஸ்டன் கையில் வரும் முன் போர் போடவும் கூடாது. ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்கேற்பவே அந்தந்தச் சிலிண்டரைப் போர் போட வேண்டும். ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய சீட் போடச் சொல்வது கட்டாயம். இந்தியாவில் 2000-இலேயே ஈயப் பெட்ரோல் முற்றிலும் நின்றுவிட்டது. ஈயம் தந்த காப்பின்றிப் பழைய வார்ப்பிரும்புச் சீட் மெல்ல மெல்ல உள்வாங்கும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், எரிபொருள் குழாய்களையும் பம்பின் ரப்பர் தகட்டையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிட வேண்டும்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் ஜூன், ஜூலையில், புதிதாகப் போர் போட்ட சிலிண்டர் ஓரிரவிலேயே மஞ்சள் துருப் படிந்துவிடும். பட்டறையிலிருந்து எடுத்த உடனே வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, சிலிண்டரை உரசி மெருகிடும் ஹோனிங்கில் வந்த தூளை முழுக்க நீக்கி, வெள்ளைத் துணியால் துடைத்துத் துணி வெள்ளையாகவே வரும் வரை விடாமல் செய்து, உடனே ஆயில் பூசி பாலித்தீனில் கட்டி வைக்க வேண்டும். கட்டிய எஞ்சின்கள் சீக்கிரம் கெடுவதற்குப் பெரிய காரணம் இந்தத் தூள் உள்ளே தங்குவதுதான். சோப்பு நீரில் அது போகும், பெட்ரோலில் கழுவினால் போகாது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் பம்பைச் சுழற்றியோ, பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் சுற்றியோ அழுத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். புதிய கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் இருபது நிமிடம் ஓட விட வேண்டும். துத்தநாகச் சேர்மம் உள்ள 20டபிள்யூ-50 ஆயில் இதற்கு ஏற்றது. முதல் சில நூறு கிலோமீட்டரைக் கோவை–பாலக்காடு நெடுஞ்சாலையில் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டலாம்; ரிங்குகள் படிவதற்கு மிதமான சுமை வேண்டும், ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டு போவது உதவாது. நெல்லியாம்பதி, வால்பாறை ஏற்றங்களை அப்போதைக்குத் தள்ளிப்போட வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் வாக்கில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட்டைக் கையேட்டு முறைப்படி மறுபடி முறுக்கி, வால்வு இடைவெளியைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். போர் அளவு, கிராங்க் அளவு, பேரிங் அளவு மூன்றையும் எழுதிய பட்டறைச் சீட்டை ஆர்.சி.யோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சினை மாற்றியவராக இருந்தால், எண்ணுள்ள பழைய பிளாக்கை எடைக்குப் போடாமல், ஆயில் பூசிக் கொட்டகையின் மூலையில் கட்டையின் மேல் ஏற்றி வைக்க வேண்டும். இன்று அடைக்க முடியாத விரிசலை நாளை வேறொரு பட்டறை அடைத்துவிட்டால், வண்டியை அதன் சொந்த எண்ணுக்கே திருப்பிக்கொள்ளலாம்.